குவார்ட்டர் முறைக் கல்லூரியில் சேரலாமா? நீலகிரி மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் பிளஸ் டூ, டிகிரி மாணவர்களுக்கு மேற்படிப்பு விஷயத்தில் வழிகாட்டி வருகிறேன். அமெரிக்காவிலிருந்து அட்மிஷன் வந்துவிட்டால் வீட்டில் ரேங்க் பார்க்கிறார்கள், ஃபீஸ் பார்க்கிறார்கள், விசாவுக்கு ஓடுகிறார்கள். அந்தக் கல்லூரி ஒரு வருடத்தை எத்தனையாகப் பிரிக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. முதல் வருடத்தில் ஒரு பிள்ளை ஊன்றி நிற்பதும் தடுமாறுவதும் பல சமயம் அதைப் பொறுத்துத்தான் அமைகிறது. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குவார்ட்டர் முறை என்றால் என்ன?

கல்லூரி வருடத்தை இலையுதிர் காலம், குளிர்காலம், வசந்தம், கோடை என்று நான்காகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குவார்ட்டரிலும் ஏறக்குறைய 10 வாரம் வகுப்பு, 11-வது வாரம் ஃபைனல் தேர்வு. கோடையில் படிப்பது பெரும்பாலும் அவரவர் விருப்பம். ஆகவே சாதாரணமாக ஒரு மாணவர் வருடத்துக்கு மூன்று குவார்ட்டர் படிப்பார். முதல் குவார்ட்டர் செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும். அடுத்தது ஜனவரி முதல் மார்ச் வரை. மூன்றாவது மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஆரம்பித்து ஜூன் நடுவில் முடியும்.

செமஸ்டர் கல்லூரி ஆகஸ்ட் கடைசியிலேயே திறந்துவிடும். சுமார் 15 வாரம் வீதம் இரண்டு செமஸ்டர், மே மாதம் வீட்டுக்குக் கிளம்பலாம். ஒரு செமஸ்டரில் நான்கைந்து பாடம் இருக்கும். குவார்ட்டரில் மூன்று அல்லது நான்கு.

பள்ளியில் வரும் காலாண்டுத் தேர்வு மாதிரியா?

இல்லை. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகும் அதே பாடம் தொடரும், கடைசி மதிப்பெண் பொதுத்தேர்வில்தான் வரும். குவார்ட்டர் முறையில் பாடமே 11 வாரத்தில் முடிந்து, கிரேடு நிரந்தரமாகப் பதிவாகிவிடும். அடுத்த குவார்ட்டரில் புதுப் பாடம், புது ஆசிரியர்.

எந்தெந்தக் கல்லூரிகளில் இருக்கிறது?

நம் பிள்ளைகள் அதிகம் விண்ணப்பிப்பவற்றில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் முக்கியம். லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, இர்வைன், டேவிஸ், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ், ரிவர்சைட் எல்லாம் குவார்ட்டர். அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, மெர்செட் வளாகங்கள் செமஸ்டர். இதைக் கவனிக்காமல் இரண்டுக்கும் ஒரே தேதியில் டிக்கெட் போடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகம், ஆரிகன், நார்த்வெஸ்டர்ன், சிகாகோ, டார்ட்மவுத், கால்டெக் ஆகியவையும் இந்த முறையில்தான் நடக்கின்றன. சில இடங்களில் இதையே டெர்ம் என்பார்கள்.

இந்த முறை எப்படி வந்தது?

சிகாகோ பல்கலைக்கழகம் 1892-இல் திறந்தபோதே அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் இதைக் கொண்டுவந்தார். வருடம் முழுவதும் கல்லூரி நடக்க வேண்டும், எந்தக் குவார்ட்டரிலும் மாணவர் சேரலாம், விலகலாம், திரும்பி வரலாம் என்பது அவர் எண்ணம். 1960-களில் கலிஃபோர்னியாவில் மாணவர் கூட்டம் பெருகியது. இருக்கிற கட்டடத்தையே கோடையிலும் பயன்படுத்தினால் அதிகம் பேருக்கு இடம் கொடுக்கலாம் என்று 1966-இல் அங்கேயும் மாறினார்கள். பெர்க்லி மட்டும் 1983-இல் செமஸ்டருக்குத் திரும்பிவிட்டது.

அந்தப் பத்து வாரம் எப்படி ஓடும்?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

நம் கல்லூரிகளில் திறந்த முதல் சில வாரம் அட்மிஷன், பஸ் பாஸ், புத்தகம் வாங்குவது என்று போய்விடும். ஆசிரியரும் மெதுவாகத்தான் ஆரம்பிப்பார். முதல் இன்டர்னல் வருவதற்குள் வகுப்பில் யார் யார் என்று தெரிந்திருக்கும். குவார்ட்டர் கல்லூரியில் முதல் நாளே பாடம் தொடங்கும். முதல் வாரக் கடைசியில் ஹோம்வொர்க் கொடுத்தாக வேண்டும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் முதல் மிட்டெர்ம், அதாவது இடையில் வரும் தேர்வு. ஆறாவது, ஏழாவது வாரத்தில் பல பாடங்களில் இன்னொரு மிட்டெர்ம். எட்டு, ஒன்பதில் கட்டுரை, ப்ராஜெக்ட். பிறகு ஃபைனல். மூன்று பாடம் என்றால் ஏறக்குறைய எந்த வாரமும் ஏதோ ஒரு தேர்வு இருக்கும்.

கேரட் போட்டவர்களுக்கு இது விளங்கும். விதைத்த முதல் மாதத்தில் களை எடுக்காமல் விட்டுவிட்டால் பிறகு எவ்வளவு உரம் கொட்டினாலும் கிழங்கு தேறாது. குவார்ட்டரில் முதல் மூன்று வாரம் அப்படிப்பட்டது. மாடல் எக்ஸாமுக்குப் பிறகு ராத்திரி பகலாக உட்கார்ந்து ஈடுகட்டிவிடலாம் என்கிற நம் பழக்கத்துக்கு அங்கே அவகாசமே இல்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) போன மாணவி, சிறு தேயிலை விவசாயி வீட்டுப் பெண். முதல் குவார்ட்டரிலேயே கெமிஸ்ட்ரி, கால்குலஸ், ப்ரோகிராமிங், ஆங்கிலக் கட்டுரை என்று நான்கு பாடம் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் கெமிஸ்ட்ரி மிட்டெர்மில் சறுக்கிவிட்டது. மார்க் குறைந்த பிறகு ஆசிரியரைப் பார்க்கப் போவது வெட்கம் என்று அறையிலேயே இருந்துவிட்டாள். போனில் அழுதபோது, "மாணவர்களைச் சந்திக்க ஆஃபீஸ் அவர்ஸ் என்று ஒரு நேரம் போட்டிருப்பார்களே, பேப்பரை எடுத்துக்கொண்டு போ" என்றேன். போயிருக்கிறாள். பாடத்துக்கு உதவியாக இருந்த டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட்) உள்ளே கூப்பிட்டதும் நம் ஊர்ப் பழக்கப்படி மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, முதல் கணக்கை வாய்விட்டுச் சொல்லச் சொன்னாராம். விடை சரியாகவே வந்தது. வழிமுறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதியதில்தான் பாதி மார்க் போயிருந்தது. பத்து நிமிஷத்தில் தெரிந்துகொண்ட விஷயம். அதே வாரம், பாடத் தேர்வில் வழிகாட்டும் அட்வைசரிடம் பேசி ப்ரோகிராமிங்கை டிராப் செய்தாள் (பாதியில் விட்டுவிட்டாள்), அடுத்த குவார்ட்டரில் எடுத்து நன்றாகவே முடித்தாள்.

உதவி கேட்பதானால் இரண்டாவது வாரத்தில் கேளுங்கள். ஐந்தாவது வாரத்தில் கேட்டால் பாதிக் குவார்ட்டர் போயிருக்கும்.

நன்மைகள் என்ன?

முதலாவது, பலவகைப் பாடங்களைத் தொட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு பாடம் எடுக்க முடியும். செமஸ்டரில் எட்டு முதல் பத்து. இங்கே பிளஸ் ஒன்னில் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்தால் பொருளாதாரமோ வரலாறோ என்னவென்று தெரியாமலேயே பள்ளி முடிந்துவிடுகிறது. அப்படிப் போன பிள்ளைக்கு ஒரு குவார்ட்டர் புவியியல், ஒரு குவார்ட்டர் உளவியல் என்று சோதித்துப் பார்க்கக் கிடைப்பது பெரிய வாய்ப்பு. பிடிக்காத பாடமும் பத்து வாரத்தில் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, ஒரு பாடத்தில் கிரேடு குறைந்தால் மொத்தத்தில் விழும் அடி சற்றுக் குறைவு, ஏனென்றால் பாடங்களின் எண்ணிக்கை அதிகம். மூன்றாவது, ஒரே சமயத்தில் மனதில் வைத்திருக்க வேண்டிய பாடங்கள் குறைவு. மூன்று பாடத்தில் முழுக் கவனம் செலுத்த முடிகிறது என்று பலர் சொல்கிறார்கள்.

இன்னொன்று நமக்கே உரியது. கல்லூரி செப்டம்பர் கடைசியில் திறப்பதால், மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு கூடுதலாக ஒரு மாதம் கிடைக்கிறது. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்கு விசா நேர்காணலுக்குப் போய்வர வேண்டிய குடும்பத்துக்கு அந்த ஒரு மாதம் சாதாரணம் இல்லை.

பெரிய குறை எது?

வேகம் என்று எல்லோரும் சொல்வார்கள். என் கருத்தில் அதைவிடப் பெரியது, ஊறிப் படிக்க நேரம் இல்லாதது. தத்துவம், இலக்கியம், உயர்கணிதம் போன்றவை முதலில் புரியாமல் இருந்து, எட்டாவது வாரத்தில் சட்டென்று பிடிபடும். குவார்ட்டரில் அப்படிப் பிடிபடும்போது ஃபைனல் வந்து நிற்கும். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் பாடங்களிலும் இதே கஷ்டம்.

உடம்பு சரியில்லாமல் போனாலும் கஷ்டம்தான். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். கால்குலஸ், இயற்பியல் போன்றவற்றை மூன்று குவார்ட்டருக்குத் தொடராகப் பிரித்திருப்பார்கள். முதல் பகுதியில் தவறினால், பல கல்லூரிகளில் அது மறுபடி வருவதற்குள் மற்ற பாடங்களும் தள்ளிப்போகும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத குறை ஒன்று உண்டு. பத்து வாரத்தில் ஆசிரியருக்கு உங்கள் முகம் பதிவதே கடினம். மேற்படிப்புக்கோ வேலைக்கோ சிபாரிசுக் கடிதம் கேட்கும்போதுதான் இது உறைக்கும். பிடித்த ஆசிரியரிடம் இரண்டாவதாக ஒரு பாடம் எடுத்துவிடுங்கள்.

அங்கே அரியர் உண்டா?

நாம் நினைக்கிற அரியர் இல்லை. பாடத்தில் ஃபெயில் ஆனால் தேர்வை மட்டும் மறுபடி எழுத முடியாது. அந்தப் பாடத்தை முழுவதுமாகத் திரும்ப எடுக்க வேண்டும், அதற்கான காலமும் பணமும் மறுபடி செலவாகும். அதனால்தான் ஃபெயில் ஆவதற்கு முன்பே டிராப் செய்வது அங்கே புத்திசாலித்தனம். அதற்கான கடைசித் தேதி குவார்ட்டரில் சீக்கிரமே வந்துவிடும். சிலபஸ் கைக்கு வந்த அன்றே அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள்.

டிராப் செய்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா?

வரலாம். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இளங்கலை படிப்பவர் ஒவ்வொரு குவார்ட்டரிலும் குறைந்தது 12 யூனிட் எடுத்திருக்க வேண்டும். யூனிட் என்பது பாடத்தின் அளவைச் சொல்லும் எண், நம் ஊர் கிரெடிட் மாதிரி. மேலே சொன்ன மாணவிக்கு நான்கு யூனிட் வீதம் நான்கு பாடம். ஒன்றை விட்டபோதும் 12 நின்றது. மூன்று பாடம் மட்டும் எடுத்திருந்தால் ஒன்றை விட்டதும் எட்டுக்கு இறங்கியிருக்கும். ஐந்து யூனிட் பாடங்கள் உள்ள கல்லூரியில் மூன்று எடுத்தால் 15, ஒன்றை விட்டால் 10.

ஆகவே முதல் குவார்ட்டரில் கடினமான பாடம் இரண்டு, இலகுவானது ஒன்று, கூடவே ஒன்றிரண்டு யூனிட்டில் சிறிய வகுப்பு ஏதாவது என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றை விட்டால் எத்தனை யூனிட் மிஞ்சும் என்று முன்பே கூட்டிப் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள். புதுக் கற்பிக்கும் முறை பழகாதது, ஆங்கில வாசிப்பில் ஆரம்பச் சிரமம் போன்ற காரணங்களுக்கு அவர்கள் அனுமதி கொடுக்க விதியில் இடம் உண்டு. ஆனால் அனுமதி வாங்கிய பிறகே டிராப். முன்பின் மாறினால் விசா நிலையே கெட்டுவிடும்.

தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு இது ஆகுமா?

ஆகும். அறிவில் குறை ஒன்றும் இல்லை, ஆங்கிலத்தில் படிக்கும் வேகம் கூட வேண்டும், அவ்வளவுதான். வாரம் நூற்றுக்கணக்கான பக்கம் வாசிக்கச் சொல்லும் வரலாறு, அரசியல் பாடங்களை முதல் குவார்ட்டரில் எடுக்க வேண்டாம். கணிதமும் ஒரு அறிவியலும் எடுத்துக் காலூன்றிக்கொள்ளட்டும்.

இங்கே டிகிரி முடித்துவிட்டு மாஸ்டர்ஸ் போகிறேன். எனக்கு என்ன வித்தியாசம்?

பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ குன்னூர் ப்ராவிடன்ஸிலோ ஆறு செமஸ்டர் படித்தவருக்கு, கடைசி மாதத் தேர்வை நம்பிப் படிக்கும் பழக்கம் ஊறியிருக்கும். அதை மாற்றுவதுதான் முதல் வேலை. அடுத்தது இன்டர்ன்ஷிப். பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான ஆட்களைச் செப்டம்பர், அக்டோபரிலேயே தேட ஆரம்பித்துவிடும். நீங்கள் செப்டம்பர் கடைசியில்தான் போய் இறங்குவீர்கள். ரெஸ்யூமை இங்கிருந்தே தயாராக எடுத்துப் போங்கள். சூட்கேஸ் பிரிக்கும் வாரத்திலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

கோடை இன்டர்ன்ஷிப் தேதிகள் இடிக்காதா?

இடிக்கும். செமஸ்டர் மாணவர்கள் மே மாதமே ஃப்ரீ, நீங்கள் ஜூன் நடுவில்தான். பெரிய நிறுவனங்கள் பல இதற்காக ஜூனிலும் ஒரு தொடக்கத் தேதி வைத்திருக்கின்றன. சிறிய நிறுவனம் என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மறுபக்கம், டார்ட்மவுத் போன்ற கல்லூரியில் கோடையில் படித்துவிட்டு வேறொரு குவார்ட்டரில் வேலைக்குப் போகலாம். அந்தச் சமயம் போட்டியும் குறைவாக இருக்கும்.

ஃபீஸ் எப்படிக் கட்டுவது?

வருடத்துக்கு மூன்று தவணை. கல்விக்கடன் என்றால் விண்ணப்பிக்கும்போதே கல்லூரியின் கட்டண அட்டவணையைக் கொடுத்து, மூன்று முறை பணம் விடுவிக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செமஸ்டர்க் கணக்கிலேயே பழகிய கிளையில் இரண்டு தவணை என்று போட்டுவிட்டால் நடுவில் அலைய வேண்டிவரும். பாடங்கள் அதிகம் என்பதால் புத்தகச் செலவும் சற்றுக் கூடும். நூலகத்திலும் பழைய புத்தகமாகவும் முடிந்தவரை சமாளிக்கலாம்.

யூனிட் கணக்கு புரியவில்லை. கல்லூரி மாறினால்?

ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரைக் குவார்ட்டர் யூனிட்டுக்குச் சமம். பட்டத்துக்குச் செமஸ்டரில் பொதுவாக 120 என்றால் குவார்ட்டரில் 180. நான்கு யூனிட் குவார்ட்டர் பாடத்தைச் செமஸ்டர் கல்லூரிக்குக் கொண்டுபோனால் 2.67 ஆகிவிடும், அங்கே மூன்று கேட்பார்கள். கல்லூரி மாறும் எண்ணம் இருந்தால் இதை அட்வைசரிடம் முன்பே பேசுங்கள்.

பண்டிகைக்கு ஊருக்கு வர முடியுமா?

குளிர்கால விடுமுறை டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை, சுமார் மூன்று வாரம். ஹெத்தையம்மன் பண்டிகை எந்தத் தேதியில் விழுகிறது என்பதைப் பொறுத்துப் பேரகணி போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம். பொங்கலுக்கு நிச்சயம் இருக்க முடியாது. செமஸ்டர் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் ஜனவரி நடு வரை விடுமுறை உண்டு. மார்ச்சில் வருவது வெறும் ஒரு வார இடைவெளி, அதற்கு டிக்கெட் செலவு வேண்டாம். ஆனால் டிசம்பர் விடுமுறையில் படிக்க எதுவும் பாக்கி இருக்காது, தேர்வெல்லாம் முடித்துவிட்டுத்தான் வருவார்கள். பனி விழுகிற காலையில் வீட்டில் நிம்மதியாகத் தூங்கட்டும், விட்டுவிடுங்கள்.

பல கல்லூரிகள் செமஸ்டருக்கு மாறிவிட்டனவே, அப்படியானால் இது மோசமான முறைதானே?

மாறியது உண்மை. ஜார்ஜியா டெக் 1999-இல் மாறியது, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 2012-இல். மற்றக் கல்லூரிகளோடு தேதி ஒத்துப்போக வேண்டும், கல்லூரி மாறுபவர்களுக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் வசதி என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். ஆனால் இப்படி மாறிய கல்லூரிகளை ஆராய்ந்து 2022-இல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்று, மாறிய பிறகு நான்கு வருடத்தில் பட்டம் முடிப்பவர்களின் விகிதம் குறைந்ததாகக் கண்டது. முதல் வருட கிரேடுகள் சரிந்தன, மேஜர் (பட்டத்துக்கான முதன்மைப் பாடம்) தேர்ந்தெடுப்பதும் தள்ளிப்போனது. செமஸ்டர்தான் மாணவருக்கு இலகு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

இங்கிருந்தே இந்த வேகத்துக்குப் பழக வழி உண்டா?

உண்டு, செலவும் பெரிதில்லை. ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் 12 வாரப் பாடம் ஒன்றில் சேருங்கள், சேர்வது இலவசம். வாரா வாரம் அசைன்மென்ட், தேதி தவறினால் போச்சு. தேர்வு எழுத விரும்பினால் மட்டும் கட்டணம். ஒரு வாரம்கூடத் தவறாமல் முடித்துப் பார்த்தால் உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்துவிடும். ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் படிப்பும் ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று டெர்மாக நடக்கிறது. வெளிநாடு போகாமலேயே இந்த ஓட்டத்தில் பட்டம் வாங்க அது ஒரு வழி. ஐஐஎம்களிலும் வருடத்துக்கு மூன்று டெர்ம்தான்.

நம் மலைக் கல்லூரிகளில் இந்த முறை வந்தால் நல்லதா?

இப்போது இருக்கிற ஏற்பாட்டில் வேண்டாம் என்பேன். குவார்ட்டர் முறை ஓடுவதற்கு அடிப்படை, பாடம் நடத்துகிறவரே கேள்வித்தாள் எடுத்து, அவரே திருத்தி, ஒரு வாரத்தில் கிரேடு போடுவது. இணைப்புக் கல்லூரிகளில் பெரும்பங்கு மதிப்பெண் பல்கலைக்கழகத் தேர்வில் இருக்கிறது. விடைத்தாள் மலை இறங்கிப் போய், திருத்தி, ரிசல்ட் வருவதற்குள் அடுத்த குவார்ட்டரே பாதி போயிருக்கும்.

மழையும் ஒரு காரணம். ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் விடாமல் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்கும், கலெக்டர் விடுமுறை விடுவார். 15 வாரத்தில் நாலு நாள் போனால் சனிக்கிழமை வைத்துச் சரிக்கட்டலாம். 10 வாரத்தில் அதே நாலு நாள் போனால் பாடம் அறுந்துவிடும். தூரத்து எஸ்டேட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள்தான் அதில் முதலில் அடிபடுவார்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் ஒன்றிரண்டு விருப்பப் பாடங்களை மட்டும் பத்து வாரமாக நடத்திப் பார்க்கலாம். அதை நான் வரவேற்பேன்.

பெற்றோர் நாங்கள் என்ன செய்யலாம்?

முதல் குவார்ட்டரில் மிட்டெர்ம் மார்க் குறைந்தால் திட்டாதீர்கள். அங்கே சராசரியே குறைவாக இருக்கும் தேர்வுகள் உண்டு, மொத்த வகுப்போடு ஒப்பிட்டுத்தான் கிரேடு போடும் பாடங்களும் உண்டு. மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரம் வரை பேச்சில் சுருதி இறங்கும், கவனமாகக் கேளுங்கள். கலிஃபோர்னியா என்றால் நமக்கு ஞாயிறு காலை 8 மணி, அவர்களுக்குச் சனி சாயங்காலம் ஆறரை. மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஏழரை. வாரத்தில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும் பொழுது அது. மார்க் எவ்வளவு என்று ஆரம்பிக்காமல், சாப்பிட்டாயா, இந்த வாரம் ஆஃபீஸ் அவர்ஸுக்குப் போனாயா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போகப் போகிறாய் என்று அடுத்ததாகக் கேளுங்கள்.